அரணையம்மாளின் மூன்றாவது வால்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, அது நீதி தவறாமல் ஆண்டது என்று ஆரம்பித்தால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காட்டில் ஒரே ஒரு டாக்டர் இருந்தார். ஒரே ஒரு டாக்டர் என்றால் அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் எங்கேயாவது டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தானே!

டாக்டர் ஒரு தேவாங்கு. பெயர் திருமேனி. கைராசிக்காரர். ஒரே ஒரு குறை, ஆள் ரொம்ப நிதானம். நாடி பார்க்கக் கையை நீட்டினார் என்றால், அந்தக் கை நோயாளியிடம் வந்து சேர்வதற்குள் பாதிக் காய்ச்சல் தானாக இறங்கிவிடும். 'நாக்கை நீட்டுங்க' என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தவளை இரண்டு ஈயைப் பிடித்து விழுங்கியிருக்கும். ஆனால் அவர் கை பட்டால் போதும், குணமாகிவிடும் என்று காடே சொன்னது. அதனால் விடிந்ததிலிருந்து கூட்டம்.

ஆஸ்பத்திரி ஒரு மருத மரத்தின் பொந்து. பொந்துக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவள் கோமதி என்கிற அரணை. டோக்கன் கொடுப்பது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, "டாக்டர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார், உட்காருங்க" என்று ஒரு நாளைக்கு நானூறு தடவை சொல்வது எல்லாம் அவள் வேலை. அரணைக்கு மறதி ஜாஸ்தி என்பார்கள். கோமதிக்கும் அது கொஞ்சம் உண்டு. பதினேழாம் நம்பரை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுவாள். டோக்கன் என்பது புங்க இலை. முயல்கள் உட்கார்ந்த இடத்திலேயே அதைத் தின்றுவிட்டு, "எம் நம்பர் என்னம்மா?" என்று வந்து நிற்கும். குரங்கு, "ரிப்போர்ட் மட்டும் காட்டணும், ஒரே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழையும். அந்த ஒரு நிமிஷத்தில் தன் சிரங்கு, தன் மாமனார் சிரங்கு, மாமனாருக்கு அந்தச் சிரங்கு வந்த கதை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வரும். இப்படி இருந்தால் சண்டை வராமல் வேறு என்ன வரும்?

வந்தது. காட்டுப்பன்றி வீரபாகு அண்ணாச்சி ரூபத்தில் வந்தது.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. காத்திருக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். முதல் தடவை, "ஊசி போடாம வெறும் மாத்திரையை எழுதிக் குடுத்துட்டாரு" என்று கோபம். எடை பார்க்கும் கல்லைத் தூக்கி எறிந்தார், பெஞ்சைக் கவிழ்த்து உடைத்தார், கோமதியின் வாலைப் பிடித்து இழுத்தார். அரணைக்கு ஒரு சௌகரியம் உண்டு. வாலைப் பிடித்தால் வால் கழன்று பிடித்தவர் கையில் போய்விடும், அரணை தப்பித்துவிடும். கோமதியும் தப்பித்தாள். இரண்டாவது தடவை, "டாக்டர் சாப்பிடுதாரு அண்ணாச்சி" என்று சொன்ன குற்றத்துக்காக இரண்டாவது வாலும் போனது.

பார்த்தவர்கள் எல்லாரும் கோமதியைத் தேற்றினார்கள். எப்படி? "அதான் மறுபடி முளைச்சிருமே!" முளைக்கும்தான். முளைக்க எத்தனை மாசம் ஆகும் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. வால் இல்லாமல் மேஜையில் ஏறினால் தலைகுப்புற விழவேண்டும். வீட்டுக்குப் போனால் புருஷன்காரன், "இன்னைக்கும் வாலை விட்டுட்டு வந்துட்டியாக்கும்?" என்று குடையைத் தொலைத்தவளைக் கேட்கிற மாதிரி கேட்பான். வால் போனதைவிட அந்தக் கேள்வி அவளுக்கு வலித்தது. இரண்டு நாள் அழுதாள்.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாவது வால் விரல் நீளம் முளைத்த அன்று கோமதியைக் கூப்பிட்டார்.

"கோமதி, இந்த ஆஸ்பத்திரியில இன்னொரு தடவை உன் வால் கீழ விழுந்தா, நான் பையைத் தூக்கிட்டு அன்னைக்கே இந்தக் காட்டை விட்டுப் போயிருவேன்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு அரைமணி நேரம் ஆனது. ஆனால் தேவாங்கு சொன்னால் சொன்னதுதான். மாற்றிச் சொல்ல வேண்டுமானால் இன்னும் அரைமணி வேண்டுமே.

செய்தி காடு முழுக்கப் பரவியது. இருப்பது ஒரு டாக்டர். அவரும் போய்விட்டால் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் எங்கே போவது? ஒரு விரல் நீள வாலை நம்பித்தான் மொத்தக் காடும் இருந்தது. ஆஸ்பத்திரிக் கமிட்டி அவசரமாகக் கூடியது.

கமிட்டித் தலைவர் அம்பலவாணர், யானை. கம்பீரமான ஆள். எதையும் சாதாரணமாகச் சொல்ல மாட்டார். தண்ணீர் வேண்டும் என்றால்கூட "நீர் அருந்தும் எண்ணம் உளது" என்பார். அவர் முதலில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். 'கோபத்தில் இருக்கும் நோயாளியைக் கையாள்வது எப்படி' என்பது தலைப்பு. வகுப்பெடுத்தது ஆமை.

"தாழ்ந்த குரல்ல பேசணும். ரெண்டு கை தள்ளி நிக்கணும். 'உங்க வருத்தம் எனக்குப் புரியுது'ன்னு சொல்லணும். அப்புறம் மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணணும்" என்றது ஆமை. எண்ணியும் காட்டியது. அது ஆறுக்கு வருவதற்குள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள்.

கோமதி அதையும் செய்து பார்த்தாள். அடுத்த நாள் வீரபாகு அண்ணாச்சி கடைவாயைப் பிடித்துக்கொண்டு வந்து உறுமினார். அவள் தாழ்ந்த குரலில், "உங்க வருத்தம் எனக்குப் புரியுது அண்ணாச்சி" என்றாள்.

"என்னட்டி புரியுது? ஒனக்கு இந்த மாதிரி ஒரு கோரைப்பல்லு இருக்கா? இல்லைல்லா? பொறவு எப்படிப் புரியும்?" என்றார் அண்ணாச்சி. நியாயமான கேள்விதான். கோமதி வாலைச் சுருட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். அன்றைக்கு ஒரு மண்பானையோடு போயிற்று. பல்லைக் காட்டாமலேயே அண்ணாச்சி திரும்பிப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

இனி போர்டு வைப்பதுதான் வழி என்று கமிட்டி முடிவு செய்தது. 'வரிசையில் வரவும்' என்று எழுதினால் போதும். குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் அம்பலவாணருக்கு அதில் கம்பீரம் போதவில்லை. தும்பிக்கையை உயர்த்தி வாசகத்தைச் சொன்னார்:

"இம்மருத்துவமனையில் வனமுறைப்படி மட்டுமே வைத்தியம் பார்க்கப்படும். மீறுவோர் வெளியேற்றப்படுவர்."

வனமுறை என்றால் வனத்தின் முறை. வந்தவர் வந்த வரிசைப்படி, ஒருவர் பின் ஒருவர். கமிட்டி கை தட்டியது. எழுதும் வேலை மரங்கொத்திக்குப் போனது. தேக்குப் பலகையில் அழகாகக் கொத்தினார். குறையே சொல்ல முடியாத கையெழுத்து. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். 'வனமுறை'யில் இருக்கும் ன-வுக்கு நேர் மேலே, பலகைக்குள்ளிருந்து ஒரு புழு தலையை நீட்டியது. மரங்கொத்தி அன்று காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரே கொத்து. புழு உள்ளே போனது. பலகையில் ஒரு பொட்டு ஓட்டை விழுந்தது.

அந்த ஓட்டை ன-வின் தலையில் புள்ளியாக உட்கார்ந்துகொண்டது. வனமுறை வன்முறை ஆயிற்று.

மறுநாள் காலை அம்பலவாணர் கொடி கட்டி, மாலை போட்டுப் போர்டைத் திறந்து வைத்தார். படிக்கவில்லை. தான் சொன்னதைத் தானே எதற்குப் படிக்க வேண்டும்? ஆனால் முதல் டோக்கனோடு உட்கார்ந்திருந்த சருகுமான் படித்தாள்.

சருகுமான் செல்லக்கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முயல் அளவே உள்ள மான், காட்டிலேயே சாது. எதிரே எறும்பு வந்தால் ஒதுங்கி வழிவிடுவாள். எங்கே என்ன எழுதியிருந்தாலும் கடைசி எழுத்து வரைக்கும் படித்து அப்படியே நடப்பாள். அவள் குட்டிக்கு ஒரு வாரமாக இருமல். "இம்மருத்துவமனையில் வன்முறைப்படி மட்டுமே வைத்தியம் பார்க்கப்படும். மீறுவோர் வெளியேற்றப்படுவர்." படித்ததும் குட்டியை அணைத்துக்கொண்டு எழுந்தாள். மேஜையிடம் போனாள்.

"மதினி, நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் அடிச்சதில்லையே. எப்படி அடிக்கணும்னு சொல்லிக் குடுப்பீங்களா?"

கோமதி போர்டை நிமிர்ந்து பார்த்தாள். படித்தாள். "நீங்க அந்தச் சருகை மிதிங்க, அதுவே போதும்" என்று எப்படியோ சமாளித்தாள். செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டு ஒரு காய்ந்த இலையை மிதித்தாள். அது சரக்கென்றது. செல்லக்கனி தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள். டாக்டர் குட்டிக்கு மருந்து கொடுத்து, "வெள்ளிக்கிழமை கட்டாயம் திரும்பக் கொண்டாங்க" என்றார்.

கோமதி தலைவரிடம் ஓடினாள்.

"ஐயா, செல்லக்கனி அடிக்கணும்னு சருகை மிதிச்சுட்டுப் போறா. போர்டுல ஒரு புள்ளி ஜாஸ்தியா இருக்கு."

"எமது போர்டில் பிழையா?"

"ஒரே ஒரு புள்ளி ஐயா. அதை மட்டும் எடுத்துட்டா..."

"எழுத்து என்றால் அழிக்கலாம். இது ஓட்டை. ஓட்டையை எவ்வாறு எடுப்பது?"

வாஸ்தவம்தான். தேன்மெழுகு வைத்து அடைக்கலாம் என்றாள் கோமதி. அதற்குத் தேனீக்களிடம் முறையாகக் கேட்டு எழுதி, அவை கூட்டம் போட்டுப் பதில் எழுத மூன்று மாதம் ஆகும் என்றார் தலைவர். அதுவரைக்கும்? "அதுவரை போர்டில் உள்ளது உள்ளபடி. யாம் திறந்து வைத்த போர்டை யாமே மீற இயலுமா? மேலும் சருகை மிதித்தது எல்லாம் செல்லாது. உடைப்பது மருத்துவமனைச் சொத்தாக இருத்தல் வேண்டும். இல்லாவிடில் அது வன்முறையே ஆகாது."

இவரை என்ன செய்யலாம் சொல்லுங்கள்? உங்கள் ஊரிலும் ஒருத்தர் இருப்பார்.

கோமதி திரும்பி நடந்தாள். வெள்ளிக்கிழமை வீரபாகு அண்ணாச்சி வருவார். அடிக்க வேண்டும் என்று போர்டே சொல்கிறது. வால் போகும். டாக்டர் போவார். 'ஐயோ, என்ன செய்வேன்?' என்று வழி முழுக்கப் புலம்பினாள். ஆனால் இத்தனை வருஷம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவள் அவள். எந்த ஆத்திரக்காரனும் தணிகிற ஒரு இடம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்குப் படிவம் என்று பெயர்.

ராவோடு ராவாக அல்ல, பட்டப்பகலில், டோக்கன் கொடுத்துக்கொண்டே அதைத் தயாரித்தாள். தலைப்பு: 'வன்முறைக்கான விண்ணப்பம்'. நாலு பக்கம்.

விண்ணப்பதாரர் பெயர். தகப்பனார் பெயர். செய்ய விரும்பும் வன்முறையின் வகை: திட்டு, தள்ளு, உடை, கடி, பொருந்தாதவற்றை அடிக்கவும். (இதில் 'அடிக்கவும்' என்பதைப் பார்த்துவிட்டுக் கரடி மேஜையை ஓங்கி ஒரு அடி அடித்தது. அப்புறம் 'கோடிடவும்' என்று மாற்றினாள்.) உடைக்கும் பொருள். அது மருத்துவமனைக்குச் சொந்தமானதா? இது தலைவர் விதி. அதற்கு மாற்று உண்டா? இது கோமதி தானே சேர்த்த விதி. திரும்பக் கிடைக்காத எதையும் ஒருத்தரும் உடைத்துவிடக் கூடாது என்பது அவள் எண்ணம். கோபத்தில் இருக்கும்போது எடுத்த போட்டோ இரண்டு. கோபத்துக்கான காரணம், ஐம்பது வார்த்தைக்கு மிகாமல். கோபம் உண்மைதான் என்று நரியிடம் வாங்கிய சான்று. கறுப்பு மையில் மட்டுமே நிரப்ப வேண்டும்.

மருந்து போல வேலை செய்தது. பாதிப் பேர் இரண்டாம் பக்கத்திலேயே குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள். குரங்கு, தகப்பனார் பெயர் என்ற இடத்தில் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு மரத்தில் ஏறிப் போனது. விடாமல் நிரப்பியவர்களும் ரொம்பக் கூச்சத்தோடுதான் வன்முறை செய்தார்கள். முயல், "தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லி ஒரு மண் குவளையை மெதுவாகக் கீழே வைத்து உருட்டி உடைத்தது. மயில் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, கிழித்த தாளை மடித்துக் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு அமைதி இதற்கு முன் இருந்ததே இல்லை. கோமதி வாலுக்குப் புன்னை எண்ணெய் தடவிக்கொண்டாள். அது அரைச் சாண் வளர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. வீரபாகு அண்ணாச்சியும் வந்தார். பல் வீங்கி, ஒரு பக்கக் கன்னம் பூசணிக்காய் ஆகியிருந்தது. போர்டைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். இந்தக் காட்டுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். காலால் மண்ணைக் கிளறினார், தலையைக் குனிந்தார், மேஜையைப் பார்த்து வந்தார் பாருங்கள் ஒரு வரத்து! நிலம் அதிர்ந்தது. முயல்கள் டோக்கனை அப்படியே விழுங்கிவிட்டன.

கோமதிக்கு ஓட நேரம் இல்லை. வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வாய் மட்டும் பழக்கத்தில் கேட்டது:

"அண்ணாச்சி, ஃபார்ம் நிரப்பிட்டீங்களா?"

சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தாள். மூக்குக்கு முன்னால் மூக்கு. அண்ணாச்சி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"என்ன ஃபார்ம்?"

"வன்முறைக்கும் ஒரு முறை இருக்குல்லா அண்ணாச்சி. நிரப்பிக் குடுங்க. உங்க நம்பர் இருபத்தி மூணு."

அண்ணாச்சி படிவத்தை வாங்கினார். உட்கார்ந்தார். முதல் தடவை நீல மையில் எழுதிக்கொண்டு வந்தார், திரும்பிப் போனது. இரண்டாவது தடவை போட்டோவில் சிரித்துவிட்டார், திரும்பிப் போனது. மூன்றாவது தடவை, கோபத்துக்கான காரணம் என்ற இடத்தில் பிறந்ததிலிருந்து ஆரம்பித்து எழுபத்தோரு வார்த்தை எழுதியிருந்தார். எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள் கோமதி. இதற்கிடையில் நடுவில் புகப் பார்த்த நரியை, "ஏ, வரிசையில வாரும்வே! நாங்கள்லாம் உடைக்க வந்தவங்க இல்லையா?" என்று அண்ணாச்சியே அதட்டினார். காத்திருந்த இடத்தில், பக்கத்திலிருந்த செல்லக்கனியின் குட்டிக்குத் தன் படிவத்தால் வீசிவிட்டார். அவள் குட்டி எப்படி இருமுகிறது என்று கேட்டார். தன் பல்லைப் பற்றியும் சொன்னார். மனசு விட்டுப் பேச அவருக்கு இதுவரை யாரும் கிடைத்ததில்லை போலிருக்கிறது.

"இருபத்தி மூணு! அண்ணாச்சி, உங்க முறை."

அண்ணாச்சி எழுந்தார். மேஜை முன்னால் நின்றார். ஒரு உறுமல் போட்டுப் பார்த்தார். அது ஏப்பம் மாதிரி வந்தது.

"கோமதி, கோவம் வரமாட்டேங்குது."

"வரலைன்னா வைத்தியம் கிடையாது அண்ணாச்சி. போர்டைப் பாருங்க."

"யம்மா, தாயே! பல்லு உசிரு போகுது. அடிக்காம இருக்கதுக்கு ஏதாச்சும் வழி உண்டா?" அண்ணாச்சி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கோமதிக்கு இரக்கம் வந்தது. கூடவே கொஞ்சம் குஷியும் வந்தது. இரண்டு வாலைப் பிடுங்கிய பன்றி தன் முன்னால் கை கூப்பி நிற்கிறதே! அந்தக் குஷியில் சட்டென்று ஒரு விதியை எழுதினாள். மூன்று தடவை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு வன்முறையிலிருந்து விலக்கு. முத்திரை குத்தினாள். அண்ணாச்சி உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்துப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார். கூட்டம் கை தட்டியது. "நம்ம டாக்டர் எங்கேயும் போகமாட்டார்!" என்று கரடி கத்தியது. கோமதி மேஜை மேல் ஏறி நின்று வாலை ஆட்டினாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடித்திருந்தால் நானும் நல்ல நீதி ஒன்றைச் சொல்லி உங்களை அனுப்பியிருப்பேன். ஆனால் இருபத்தி நாலாம் நம்பர் பாக்கி இருந்தது.

செல்லக்கனி குட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு வந்து, படிவத்தை மேஜை மேல் வைத்தாள். காலையிலேயே கொடுத்து முத்திரை வாங்கியிருந்த படிவம். கோமதி காலையில் கூட்டத்தில் பிரித்துப் பார்க்காமலே குத்தியிருந்தாள். செல்லக்கனிதானே, அவள் என்ன பெரிதாக உடைத்துவிடப் போகிறாள்? இப்போது பிரித்தாள். முத்து முத்தான எழுத்து. கறுப்பு மை. போட்டோவில் செல்லக்கனி புருவத்தை நெரித்து முறைத்துக்கொண்டிருந்தாள், அதற்காக வீட்டில் நாலு நாள் பழகினாளாம். காரணம், மிகச் சரியாக ஐம்பது வார்த்தை.

உடைக்கும் பொருள்: அரணையம்மாள் வால்.

கோமதி வாலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என்ன மதினி இது?"

"மன்னிச்சுக்கங்க மதினி" என்றாள் செல்லக்கனி. "நான் வேற எல்லாத்தையும் பாத்துட்டேன். குவளையை முயல் உடைச்சிட்டு. பெஞ்சு முன்னமே போச்சு. பானை அண்ணாச்சி உடைச்சது. மேஜைக்கும் போர்டுக்கும் காலண்டருக்கும் மாற்று கிடையாது. உள்ளே இருக்க சாமான் டாக்டரோட சொந்தச் சாமான். ஆஸ்பத்திரிக்குச் சொந்தமா இருக்கணும், மாற்றும் இருக்கணும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. நீங்க ஆஸ்பத்திரி ஆளு. வாலு திரும்ப முளைக்கும்."

"விலக்கு தாரேன் மதினி! இப்பவே எழுதித் தாரேன்!"

"விலக்கு, ஃபார்ம் மூணு தடவை திரும்பிப் போனவங்களுக்குத்தானே? என்னுதை ஒரு தடவைகூட நிராகரிக்கலையே." அவள் குரலில் ஒரு துளி பெருமையும் இருந்தது. "எம் பிள்ளைக்கு மூச்சு வாங்குது மதினி. முறைப்படி நடந்துக்கலைன்னா வெளியே அனுப்பிருவாங்கன்னு எழுதியிருக்கு."

கோமதி கூட்டத்தைப் பார்த்தாள். உதவிக்கு யாராவது வருவார்களா என்று பார்த்தாள். வந்தார் ஒருத்தர். வீரபாகு அண்ணாச்சிதான். பல் போன வாயோடு படிவத்தை வாங்கி நாலு பக்கமும் நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் சரியாத்தான இருக்கு கோமதி. நான் மூணு தடவை எழுதினேன். ஒனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? முறைன்னா முறைதான்."

கூட்டமும் ஆமாம் என்றது. காலையிலிருந்து எல்லாரும் வரிசையில் நின்றவர்கள். நடுவில் ஒருத்திக்கு மட்டும் விதியைத் தளர்த்தினால் பொறுப்பார்களா?

பொந்துக்குள்ளிருந்து டாக்டர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்தார். வாசல் வரை வந்தார். கையை உயர்த்தி, "வே..." என்றார். செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டு, தன் சின்னக் குளம்பால் வாலின் நுனியை மிதித்தாள். "...ண்..." என்றார் டாக்டர். கோமதி பயத்தில் துள்ளினாள். அரைச் சாண் வால் தனியாகக் கழன்று மேஜையில் விழுந்து துடித்தது. "...டாம்" என்று டாக்டர் முடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

செல்லக்கனி, "ரொம்ப நன்றி மதினி" என்று சொல்லிவிட்டு அழுதாள். கோமதியும் அழுதாள். இந்தத் தடவை வீட்டுக்குப் போய், தானே முத்திரை குத்தி வாலைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

டாக்டர் முதலில் குட்டியை வாங்கி, நெஞ்சில் காது வைத்துக் கேட்டு, மருந்து கொடுத்தார். மூச்சு சீரானதும் தாயிடம் கொடுத்தார். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினார். வீரபாகு அண்ணாச்சி ஓடிப் போய்க் காலில் விழுந்தார்.

"டாக்டர் ஐயா, போயிராதீங்க! நான் ரெண்டு வாலை இழுத்தப்பகூட நீங்க போகலையே!"

"நீர் வலியில இழுத்தீர்வே. அதுக்கு எங்கிட்ட மருந்து இருந்துச்சு" என்றார் டாக்டர். "இந்தம்மா அனுமதி வாங்கிட்டு மிதிச்சிருக்கு. இதுக்கு நான் என்னத்தைக் குடுப்பேன்?"

அவர் போய்விட்டார்.

சாயங்காலம் விசாரணைக்கு அம்பலவாணர் வந்தார். கழன்ற வாலைப் பார்த்தார், கோமதியைப் பார்த்தார், படிவத்தை வாங்கி மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தார். அவர் முகம் மலர்ந்தது. "ஒரு பிழைகூட இல்லை" என்றார். டாக்டர் இல்லாத பொந்தின் வாசலில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். கீழே 'மாதிரிப் படிவம்' என்று எழுதச் சொன்னார்.

நீதி: முரடனைக் கண்டு பயப்பட வேண்டாம், அவனுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது.